செண்பகத்துக்குப் பெயர் தந்த ‘யாரோ’

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் செண்பக மரம் பற்றி வந்த கட்டுரையை ஆசையோடுதான் எடுத்தேன். எங்கள் கொல்லையில் என் மாமியார் வைத்த செண்பகம் ஒன்று நிற்கிறது. மூன்றாவது பத்தியில், மரத்தின் பழைய அறிவியல் பெயரைப் பற்றி இந்த வரி வந்தது: “மிச்சேலியா என்பது யாரோ ஒரு பிரெஞ்சுத் தாவரவியலாளரின் பெயராம்.” அதற்கு மேல் படிக்க ஓடவில்லை. காபி ஆறிப்போனதுதான் மிச்சம்.

‘யாரோ’ என்று எழுதி, கடைசியில் ஒரு ‘ஆம்’ ஒட்டிவிட்டால் பொறுப்பு கழிந்துவிடும் என்று கட்டுரையாளர் நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

அந்த யாரோ பிரெஞ்சுக்காரர் அல்ல, இத்தாலியர். பியர் அந்தோனியோ மிக்கேலி, 1679இல் பிளாரன்ஸில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். லத்தீனைத் தானாகவே கற்றுக்கொண்டார். 1706இல் அந்த நாட்டை ஆண்ட டஸ்கனி பெருங்கோமகன் மூன்றாம் கொசிமோ தெ மெதிச்சி அவரைத் தன் தாவரவியலாளராக அமர்த்திக்கொண்டார். இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. கட்டுரையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்பதுதான் என் வருத்தம்.

பிரெஞ்சுக்காரர் எந்த வழியாக உள்ளே வந்தார் என்பதையும் ஊகிக்க முடிகிறது. மிக்கேலியின் நினைவாக ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த பெயர் மிக்கேலியா (தங்கள் கட்டுரையின் ‘மிச்சேலியா’ இதுதான்). 1753இல் செண்பகம் அந்தப் பெயரோடுதான் புத்தகம் ஏறியது. பிற்பாடு வகைப்பாட்டியல்காரர்கள் அதை மக்னோலியாவோடு சேர்த்துவிட்டார்கள். மக்னோலியா என்பது மான்ட்பெல்லியேயில் இருந்த பியர் மக்னோலின் பெயர். அவர்தான் பிரெஞ்சுக்காரர். ஆக மரத்தை மக்னோல் எடுத்துக்கொண்டார், மிக்கேலிக்கு மிஞ்சியிருந்த ஊரையும் நாட்டையும் தங்கள் இதழ் எடுத்துக்கொண்டது. கட்டுரைக்கு மேலே மனோரஞ்சிதத்தின் படத்தைப் போட்டிருந்ததைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

பூவோடு போனால்கூட விட்டுவிடுவேன். மிக்கேலியின் பெரிய வேலை பூவில் இல்லை, பூஞ்சையில். 1729இல் அவர் வெளியிட்ட நூலில் சுமார் 1,900 தாவரங்கள் இருக்கின்றன. அவற்றில் 1,400 வரை அதற்குமுன் யாரும் எழுதி வைக்காதவை. அதிலும் 900 பூஞ்சைகளும், பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் பாசிக்காளான்களும் (லைக்கன்). குப்பையில் முளைத்துக் காலில் மிதிபடும் நாய்க்குடைக்கு அந்தக் காலத்தில் யார் உட்கார்ந்து படம் போடுவார்கள்? புத்தகத்தில் 108 படத்தகடுகள். அச்சுச் செலவுக்காகப் புரவலர்களிடம் கையேந்தி, தகட்டில் அவர்கள் பெயரைப் பொறித்துக் கொடுத்தார். (நம் கோயில் டியூப்லைட்டில் உபயம் எழுதுவது நினைவுக்கு வருகிறது.) உருப்பெருக்கியில் ஒரு பூஞ்சையைப் பார்த்தபோது தேவாலயத்தில் புனித நீர் தெளிக்கும் குஞ்சக்கோல் போலத் தெரிந்ததாம், அதனால்தான் அதற்கு அந்தக் கோலின் பெயரிலிருந்தே அஸ்பெர்ஜில்லஸ் என்று பெயர். மியூக்கர் என்ற பூஞ்சைப் பேரினமும் அவர் வகுத்ததுதான்.

மியூக்கர் என்றதும் இன்னொரு பழைய கணக்கு ஞாபகம் வருகிறது. 2021இல் கருப்புப் பூஞ்சை என்று ஊரே நடுங்கியபோது, தங்கள் இதழ் அஸ்பெர்ஜில்லஸ் படத்தைப் போட்டு ‘கொலைகாரப் பூஞ்சை இதுதான்’ என்று எழுதியது. கருப்புப் பூஞ்சை நோய் மியூக்கர் வகைப் பூஞ்சைகளால் வருவது, அஸ்பெர்ஜில்லஸ் வேறு. அந்த நோயில் கருப்பாவது செத்துப்போன சதை, பூஞ்சை அல்ல என்று அன்றே எழுதினேன். என் கடிதம் மூன்று வரியாகச் சுருங்கி வந்தது. அந்த மூன்று வரியில் நான் தங்களைப் பாராட்டியிருந்தேன்!

அதற்கும் முன்னால் ஒருமுறை, பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் வந்த பிறகுதான் பூஞ்சை தானாகத் தோன்றுவதில்லை என்று உலகம் அறிந்தது என எழுதினீர்கள். பாஸ்டர் பிறந்தது 1822இல். அதற்கு 85 வருஷம் முன்பே மிக்கேலி இறந்துவிட்டார். அவர் பூஞ்சையின் வித்துகளை (ஸ்போர்) எடுத்து வெட்டிய முலாம்பழத் துண்டில் தூவினார். எதிலிருந்து எடுத்தாரோ அதே பூஞ்சை அங்கே முளைத்தது. உலகம் நம்பவில்லை, அது வேறு கதை. லின்னேயஸே 1767இல் பூஞ்சை வித்துகளை ‘கேயாஸ்’ (குழப்பம்) என்ற பேரினத்தில், புழுபூச்சியோடு புழுபூச்சியாகத் தள்ளிவைத்தார்.

நானே செய்து பார்த்ததால்தான் இவ்வளவு கோபம். இருபத்தாறு வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவள். ஒரு கோடையில் சந்தையில் முலாம்பழம் வாங்கிப்போய்த் துண்டு போட்டு, பழைய ரொட்டியின் பூஞ்சணத்தை ஊசிமுனையால் தொட்டுவைத்தோம். நாலாம் நாள் அதே கருப்புப் புள்ளிகள். எதையும் தொட்டுவைக்காத ஒரு துண்டிலும் பச்சையாகப் பூத்துவிட்டது. “டீச்சர், அப்போ இது மட்டும் தானா வந்துச்சா?” என்று கேட்டாள் ஒருத்தி. காற்றில் மிதக்கும் வித்தைப் பற்றி ஒரு பீரியட் முழுக்கப் பேச அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது. தலைமை ஆசிரியருக்கோ பாடத்தில் இல்லாத பழத்தை ஏன் அறுத்தோம் என்பதும், ஆய்வகத்தில் எறும்பு மொய்த்ததும்தான் கவலை.

1736இல் வட இத்தாலியின் மோன்தே பால்தோ மலைக்குச் செடி சேகரிக்கப் போன மிக்கேலிக்கு நுரையீரல் உறை அழற்சி (ப்ளூரிசி) கண்டது. அடுத்த ஜனவரியில் 57 வயதில் போய்ச் சேர்ந்தார். எழுதியதில் நிறைய அச்சேறவே இல்லை. பிளாரன்ஸில் கலிலியோவும் மைக்கலாஞ்சலோவும் கிடக்கும் சான்டா க்ரோசே தேவாலயத்தில்தான் அவருக்கும் கல்லறை. உஃபிஸி மாளிகையின் தூண் வரிசையில் சிலையும் இருக்கிறது. ஒரு யாரோவுக்கு இவ்வளவு செய்திருக்கிறார்கள்.

நான் கேட்பது இரண்டே வரித் திருத்தம். “செண்பகத்தின் பழைய அறிவியல் பெயர் மிக்கேலியா. இத்தாலியத் தாவரவியலாளர் மிக்கேலியின் நினைவாக வைக்கப்பட்டது.” ராசிபலனுக்குக் கீழே இடமிருந்தாலும் போதும். மனோரஞ்சிதத்துக்குப் பதிலாகப் போடச் செண்பகப் படம் இல்லையென்றால், கொல்லை மரம் இப்போது பூத்துத்தான் நிற்கிறது, பேரனை விட்டு எடுத்தனுப்பச் சொல்கிறேன்.

என் ஆண்டுச் சந்தா அடுத்த மாதம் முடிகிறது. அதற்கும் இந்தக் கடிதத்துக்கும் சம்பந்தமில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை,
மன்னார்குடி