செத்த சிப் என்று எறியமுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

என் மகளின் மகன் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவில் படிக்கிறான். செயற்றிட்டத்துக்காக அட்மெகா 328பி என்ற, புரோகிராம் ஏற்றி இயக்கும் சிப் ஒன்றைப் பிரெட்போர்டில் (பற்றவைக்காமல் குத்தி இணைக்கும் துளைப் பலகையில்) குத்தி வைத்துக்கொண்டு ஒரு கிழமையாகக் கணினியோடு மல்லுக்கட்டினான். புரோகிராம் ஏறவில்லை. கடைக்காரர், 'சிப் செத்துப்போச்சு தம்பி, புதுசு வாங்குங்கோ' என்று சொல்லிச் சொல்லியே மொத்தம் மூன்று சிப் விற்றுவிட்டார். மூன்றாவதும் வாய் திறக்காதபோதுதான், 'அம்மப்பா, ஒருக்கால் பாருங்கோ' என்று என்னிடம் வந்தான்.

நான் றேடியோ, டிவி திருத்தியவன். இந்தச் சிப்புகள் என் காலத்துக்குப் பிந்தியவை. ஆனால் கரண்ட் வந்தால்தானே எதுவும் வேலை செய்யும்? மீற்றரைப் போர்டில் கரண்ட் ஓடும் சிவப்புக் கோட்டில் வைக்காமல் சிப்பின் காலிலேயே வைத்தேன். 7ஆம் காலில் 5 வோல்ட். கரண்ட் வரவேண்டிய மற்றக் கால், எதிர்ப்பக்கத்து 20ஆம் கால்; அதில் ஒன்றுமில்லை. நீளமான போர்டுகள் சிலவற்றில் அந்தச் சிவப்புக் கோடு நடுவில் அறுந்திருக்கும். உள்ளே தகடும் அங்கே இரண்டு துண்டுதான். சின்ன வயர் ஒன்றால் இணைத்தோம்.

அப்பவும் சத்தமில்லை. பேரன் தேடிப் பார்த்துச் சொன்னான்: புதுச் சிப் 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும்படிதான் வரும், புரோகிராமர், அதாவது புரோகிராம் ஏற்றும் கருவி, அதில் கால்பங்குக்கும், அதாவது 250 கிலோஹெர்ட்ஸுக்கும், குறைவான வேகத்தில் பேச வேண்டும். அவனுடையது 375இல் பேசிக்கொண்டிருந்தது. அதிலிருந்த குறைவேக ஜம்பரைப் போட்டதும் சிப் தன் அடையாள எண்ணைச் சொல்லிற்று.

மற்ற இரண்டையும் குப்பைக் கூடையிலிருந்து எடுத்தேன். பேரன் நண்பன் வீட்டில் பூட்லோடர் (சிப்பின் தொடக்கப் புரோகிராம்) ஏற்றப்போய், வெளிக் கிறிஸ்டல் தரும் துடிப்பில் ஓடும்படி ஃபியூஸ் (எரியும் ஃபியூஸ் அல்ல, சிப்புக்குள் இருக்கும் அமைப்பு) மாறியிருக்கிறது. போர்டிலோ கிறிஸ்டலே இல்லை. 9ஆம், 10ஆம் கால்களுக்கிடையில் 16 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டல் ஒன்று, இரு காலிலிருந்தும் கிரவுண்டுக்கு 22 பிகோஃபரட் கொண்டென்சர். ஒன்று உடனே எழும்பியது. மற்றது விட்டுவிட்டுத்தான் பேசியது; பார்த்தால் போர்டின் துளைக்குள் பச்சை பிடித்திருந்தது. எங்கள் ஊர் உப்புவெளி, பெயரிலேயே உப்பு. ஜன்னலோரம் கிடந்த போர்டு வேறு எப்படி இருக்கும்? துளை மாற்றிக் குத்தினோம், சரி.

உங்கள் மாணவர் பக்கத்தில் இதை ஒரு படத்தோடு போடுங்கள். பாடசாலை ஆய்வுகூடங்களில் ஒரு மீற்றரும் நாலு கிறிஸ்டலும் இருந்தாலே பெற்றோரின் காசு எவ்வளவோ மிஞ்சும்.

பேரனுக்கு ஒரு சிப் போதும். மற்ற இரண்டும் என் லாச்சிக்குள் கிடக்கின்றன. யார் பிள்ளை கேட்டாலும் சும்மா கொடுப்பேன், அந்தக் கடைக்காரர் கேட்டால் மட்டும் இல்லை.

இப்படிக்கு,
பழைய றேடியோ திருத்துநர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை