மேக்ரோ எழுதப் போகும் மகளுக்கு

அன்புள்ள கயல்,

மாதாமாதம் அதே அறிக்கையைக் கையால் சரிசெய்து மாளவில்லை, வேர்டில் மேக்ரோ (அந்த வேலையைத் தானே செய்யும் சின்ன புரோகிராம்) எழுதிப் பார்க்கட்டுமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக எழுது. புரோகிராம் பக்கம் போய் வருஷக்கணக்கானாலும் லூப்பும் (திரும்பத் திரும்பச் செய்வது) இஃப்பும் (நிபந்தனை பார்ப்பது) இரண்டு நாளில் கைக்கு வந்துவிடும். காலை வாருவது காலேஜில் படித்த சி மொழியின் பழக்கம்தான். அங்கே எண்ணிக்கை 0-இல் தொடங்கும். வேர்டில் முதல் பத்தியின் எண் 1. எண்ணை வைக்கும் இன்டிஜர் வகையில் 32,767க்கு மேல் கொள்ளாது. முப்பது பக்கத்தில் இருக்கும் எழுத்துகளை எண்ணினாலே ‘ஓவர்ஃப்ளோ’ என்று நின்றுவிடும், அதனால் பெரிய எண்ணும் கொள்ளும் லாங் வகை என்றே போடு. பத்தி, டேபிள் போன்றவற்றை வேரியபிளில் (நீ பெயர் வைத்த இடத்தில்) வைக்கும்போது முன்னால் ‘செட்’ வேண்டும். விட்டால் பெரும்பாலும் பிழை 91 வரும். மாட்யூலின் (மேக்ரோ எழுதும் பக்கத்தின்) முதல் வரி ‘ஆப்ஷன் எக்ஸ்பிளிசிட்’ ஆக இருக்கட்டும். வேரியபிள் பெயரில் ஒரு எழுத்து தப்பினாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

வியூ டேபில் ரெக்கார்ட் மேக்ரோ இருக்கிறது. வேலையை ஒரு தடவை செய்து பதிவு பண்ணி, ஆல்ட்+எஃப்11 அடித்து எடிட்டரைத் திறந்து, அது எழுதியதைப் படி. எதற்கு என்ன பெயர் என்று கற்றுக்கொள்ள நல்ல வாத்தியார். ஆனால் அது எழுதியதை அப்படியே வைத்துக்கொள்ளாதே. கர்சர் நிற்கும் இடத்தை நம்பி எல்லாவற்றையும் ‘செலெக்‌ஷன்’ என்றுதான் எழுதும். கர்சர் டேபிளுக்குள் நின்றால் வேலை கெட்டுவிடும். எந்தப் பகுதி என்று நேராகச் சொல்லும் ‘ரேஞ்ச்’ வைத்து மாற்றி எழுது. கர்சர் நகராது, வேகமும் கூடும்.

காலிப் பத்திகளை நீக்குவதில் ஆரம்பி. 1 முதல் கடைசி வரை போனால், மூன்றாவதை நீக்கியதும் நாலாவது பத்தி மூன்றாவதாகிவிடும்; லூப் அதைப் பார்க்காமல் நாலுக்குத் தாவிவிடும். முடிவில் இல்லாத பத்தியைத் தேடிப் பிழை 5941 வேறு வரும். அதனால் கடைசியிலிருந்து 1 வரை, ‘ஸ்டெப் -1’ போட்டு வா. காலிப் பத்தியின் டெக்ஸ்ட் வெற்றாக இருக்காது, பத்தி முடிவுக் குறியான எழுத்து எண் 13 அதில் இருக்கும். நீளம் 1 என்று மட்டும் சோதித்தால் ஆவணத்தைப் பகுதிகளாகப் பிரிக்கும், எண் 12 ஆன செக்‌ஷன் பிரேக்கும் மாட்டி, பக்க அமைப்பே குலைந்துபோகும். 13-தானா என்றே கேள். காலியான டேபிள் கட்டத்தில் 13-உடன் 7-உம் சேர்ந்து வரும், அதனால் அது தப்பித்துக்கொள்ளும். இரண்டு டேபிளுக்கு நடுவில் இருக்கும் காலிப் பத்தியை விட்டுவிடு, நீக்கினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

தேடுவதற்கான ஃபைண்ட் எழுதும்போது முதலில் ‘கிளியர்ஃபார்மேட்டிங்’ போட்டு பழைய நிபந்தனைகளை அழி. முந்தைய தேடலில் போல்டு கேட்டிருந்தால் அது அப்படியே தங்கியிருக்கும். லூப்புக்குள், கடைசியை எட்டியதும் என்ன செய்வது என்று சொல்லும் ‘ராப்’ கன்டினியூ என்றிருந்தால் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். ஸ்டாப் என்று வை. தமிழ் எழுத்தை எடிட்டரில் நேராக ஒட்டினால் கேள்விக்குறியாகிவிடும். ‘க’ வேண்டுமானால் 2965, மெய்யெழுத்தின் புள்ளிக்கு 3021 என்று யூனிகோடு எண்ணாகத்தான் கொடுக்க வேண்டும். கொஞ்சம் எரிச்சல்தான்.

மேக்ரோவை அறிக்கைக்குள்ளேயே வைத்தால் டாக்எம் (.docm) ஃபைலாக சேவ் செய், வழக்கமான டாக்எக்ஸில் (.docx) தங்காது. முதல் தடவை நகலில் ஓட்டு, எஃப்8 அடித்து வரி வரியாக. காலிப் பத்தி மேக்ரோவை முடித்ததும் அனுப்பு, பார்க்கிறேன்.

அன்புடன்,
அம்மா