உதைபந்தாட்டக் கழகங்களுக்குச் சட்டமா? எல்லைக்கோட்டில் நிற்பவர்களிடமும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

இங்கிலாந்தின் தொழில்முறை உதைபந்தாட்டக் கழகங்களை மேற்பார்வை செய்வதற்குச் சுயாதீனமான அமைப்பொன்றை ஏற்படுத்தும் சட்டம் 2025 ஜூலை 21ஆம் திகதி அரச ஒப்புதலைப் பெற்றது. அந்நாட்டுப் போட்டிகளை நள்ளிரவு தாண்டியும் கண்விழித்துப் பார்க்கும் எங்கள் வன்னி இளைஞர்கள் பலர் இச்செய்தியை அறிந்திருக்கவும் மாட்டார்கள். அச்சட்டம் உருவான விதம் நமக்குப் பயன்படும் என்பதாலேயே இக்கடிதத்தை எழுதுகின்றேன். 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் வேண்டும் என்ற பேச்சு இலங்கையிலும் அவ்வப்போது எழுந்து அடங்குகின்றது. அது உதைபந்தாட்டக் கழகங்களைத் தொடுமானால், எழுதும் முன் சிறு கழகங்களிடமும் கேட்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

1885இல் தொடங்கப்பட்டு, இங்கிலாந்தின் எஃப்.ஏ. கிண்ணத்தை இருமுறை வென்ற பெரி கழகம் 2018இன் இறுதியில் ஒரேயொரு பவுணுக்குக் கைமாறி, அடுத்த ஓகஸ்ட் மாதமே லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. 2021 ஏப்ரலில் ஆறு பெரிய ஆங்கிலேயக் கழகங்கள் தமது ரசிகர்களிடம் ஒரு வார்த்தையும் கேளாமல் ஐரோப்பாவின் பெரிய கழகங்கள் தமக்கெனத் தனியே தொடங்கவிருந்த ஐரோப்பிய சுப்பர் லீக்கில் சேர்வதாக அறிவித்து, ரசிகர்கள் வீதிக்கு இறங்கியதும் இரண்டொரு நாட்களிலேயே பின்வாங்கின. இதன் பின்னர் முன்னாள் விளையாட்டுத்துறை அமைச்சர் ட்ரேசி க்ரவுச் தலைமையில் ஆய்வொன்று நடத்தப்பட்டது. ரசிகர் அமைப்புகளை நேரில் அழைத்துப் பேசியதோடு, இணையவழியாக 20,000க்கும் மேற்பட்ட ரசிகர்களின் கருத்துகளையும் பெற்று, 47 பரிந்துரைகளுடன் 2021 நவம்பரில் அறிக்கை வெளியானது. 2023இல் அரசின் திட்டத்தை விளக்கும் வெள்ளை அறிக்கை வந்தது. 2024இல் முன்வைக்கப்பட்ட சட்டமூலம் பொதுத்தேர்தலால் கைவிடப்பட்டபோதிலும், ஆட்சி மாறிய பின்னர் அதே ஆண்டில் மீண்டும் கொண்டுவரப்பட்டது.

கேட்டதன் பயன் சட்டத்திலேயே தெரிகின்றது. கழகத்தின் சின்னத்தையோ சொந்த மைதானத்தில் அணியும் சீருடையின் நிறத்தையோ மாற்றுவதாயின் ரசிகர்களில் பெரும்பான்மையினரின் ஆதரவு வேண்டும். மைதானத்தை விற்பதாயின் மேற்பார்வை அமைப்பின் அனுமதி வேண்டும். 2012இல் கார்டிஃப் சிட்டி கழகத்தின் நீலச் சீருடையை உரிமையாளர் சிவப்பாக்கி, மூன்றாம் ஆண்டில் ரசிகர்களின் எதிர்ப்புக்குப் பணிந்து மீண்டும் நீலமாக்கிய கதையை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்ததென்று சொல்லத் தேவையில்லை. கணக்காளர்களும் சட்டத்தரணிகளும் மட்டும் கூடியிருந்து எழுதியிருந்தால் சீருடையின் நிறம் எவருக்கு நினைவுக்கு வந்திருக்கும்?

எங்களிடம் கேட்டாலும் சொல்வதற்கு இருக்கின்றது. எனக்குத் தெரிந்த கிராமத்துக் கழகம் ஒன்று பல ஆண்டுகளாக ஆடிவரும் மைதானத்துக்கு அக்கழகத்திடம் உள்ள ஒரே ஆவணம் பழைய அனுமதிக் கடிதம் ஒன்றுதான். செயலாளர் அதைக் கூட்டறிக்கைப் புத்தகத்துக்குள் பொலித்தீன் உறையிலிட்டு வைத்திருக்கின்றார். நாளை அந்தக் காணிக்கு வேறொரு திட்டம் வந்தால் அக்கடிதம் எதற்கு உதவும்? புலம்பெயர்ந்த உறவுகளின் உதவியில்லாமல் மின்னொளிச் சுற்றுப்போட்டியோ புதிய சீருடையோ இல்லை என்பது உண்மை. ஆனால், பணம் தந்தவரின் வியாபாரப் பெயர் நெஞ்சு நிறையவும் கழகத்தின் பெயர் கைப்பக்கத்தில் ஒரு சிறு வரியாகவும் அச்சிடப்பட்ட சீருடைகளையும் நான் கண்டிருக்கின்றேன். கொடுப்பவரின் மனம் நோகாமல் இதற்கு எல்லை வகுக்கக் கழக யாப்பில் (விதிக்கோவையில்) ஒரு வரி இருந்தால் செயலாளர்களின் சங்கடம் தீரும்.

இவையெல்லாம் கிராமத்துக் கழகங்கள், தொழில்முறைக் கழகங்களுக்கான சட்டத்தில் இவற்றுக்கு என்ன வேலை என்று கேட்கப்படலாம். 2021இல் நமது நாட்டின் முதலாவது தொழில்முறை லீக்காகத் தொடங்கப்பட்ட சுப்பர் லீக்கில் ஆடிய 10 கழகங்களில் வடக்கு, கிழக்கைச் சேர்ந்தது ஒன்றுமில்லை. மன்னாரின் ஆட்டத்தை அறிந்த எவருக்கும் இது திறமைக் குறைவால் நேர்ந்ததென்று தோன்றாது. மைதானம், கணக்கறிக்கை, நிதி என்று அனுமதிப்பத்திரத்துக்கான நிபந்தனைகளை வகுக்கும்போதே யார் உள்ளே வரலாம், யார் வெளியே நிற்க வேண்டும் என்பதும் முடிவாகிவிடுகின்றது. வெளியே நிற்கப்போகின்றவர்களைக் கேளாமல் அந்த நிபந்தனைகளை எழுதுவது நியாயமாகாது.

அதேவேளை, சட்டம் எதைத் தொடக்கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். மூன்றாந்தரப்புத் தலையீட்டை, அதாவது அரசாங்கம் போன்ற வெளியாரின் தலையீட்டைக் காரணங்காட்டி 2023 ஜனவரியில் சர்வதேச உதைபந்தாட்ட அமைப்பான ஃபிஃபா நமது உதைபந்தாட்டச் சம்மேளனத்தை இடைநிறுத்தியதால் ஏழு மாதங்கள் நம் வீரர்கள் சர்வதேசப் போட்டியின்றி இருந்தார்கள். இங்கிலாந்தின் சட்டமூலம் குறித்தும் ஐரோப்பிய உதைபந்தாட்டச் சம்மேளனம் 2024இல் எச்சரிக்கைக் கடிதம் எழுதியது. கழகங்களின் நிதி, உரிமை, மைதானம் ஆகியவற்றோடு சட்டம் நின்றுகொள்ளட்டும். நமது சம்மேளனத்தின் தலைவர் யார் என்பதில் அமைச்சருக்கு ஒரு வேலையும் இருக்கக்கூடாது.

நமது அரசியலமைப்பின்படி, ஒரு சட்டமூலம் பாராளுமன்றத்தின் ஒழுங்குப் பத்திரத்தில் (அன்றைய அலுவல் நிரலில்) சேர்க்கப்பட்டு ஒரு வாரத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாடாவிட்டால், அது சட்டமான பின்னர் அதன் செல்லுபடியை எந்த நீதிமன்றத்திலும் கேள்விக்கு உட்படுத்த முடியாது. மாங்குளத்திலோ துணுக்காயிலோ உள்ள ஒரு கழகச் செயலாளர் அந்த ஒரு வாரத்துக்குள் வர்த்தமானியைத் தேடிப் படித்து, சட்டத்தரணியைப் பிடித்து, கொழும்புக்குப் போய் மனுப்போடுவார் என்று எதிர்பார்ப்பது கேலிக்கூத்து. ஆகவே வரைவு நிலையிலேயே கேட்க வேண்டும்.

வரைவைத் தமிழிலும் அச்சிட்டு ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் பொது நூலகத்திலும் வைக்க வேண்டும். கருத்துக்கூற மூன்று மாதங்களாவது தரப்பட வேண்டும். வந்த கருத்துகளில் எவை ஏற்கப்பட்டன, எவை ஏன் தள்ளப்பட்டன என்பதை எழுத்தில் வெளியிட வேண்டும். இது இல்லாத கருத்தறிதலுக்குப் பெயர் மட்டும்தான் மிஞ்சும். வன்னியில் கூட்டம் வைப்பதாயின் மாலையில் வையுங்கள், காலபோக அறுவடை முடிந்த பின்னர் வையுங்கள். எங்கள் வீரர்களிலும் நிர்வாகிகளிலும் பலர் அந்நாட்களில் வயலில் நிற்பார்கள்.

இங்ஙனம்,
முன்னாள் கழகச் செயலாளர் ஒருவர்,
ஒட்டுசுட்டான்.