சதுர கிலோமீட்டர் மட்டும் போதாது: குன்றையும் ஓடையையும் கணக்கில் எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூரின் தெற்கே உள்ள பன்னேர்கட்டா தேசியப் பூங்காவைச் சுற்றி, கல்குவாரி போன்ற பணிகளைக் கட்டுப்படுத்த அரசு வரையறுத்த சுற்றுச்சூழல் உணர்திறன் மண்டலத்தைப் பற்றி பெங்களூரில் பேச்சு எழும்போதெல்லாம், பரப்பளவு எவ்வளவு என்பதோடு விவாதம் நின்றுவிடுகிறது. 2016-ஆம் ஆண்டு வரைவு அறிவிக்கையில் 268.96 சதுர கிலோமீட்டராக இருந்த மண்டலம், 2020-இல் வெளிவந்த இறுதி அறிவிக்கையில் 168.84 ஆகச் சுருங்கியது. விடுபட்ட பகுதியில் எந்தக் குன்று, எந்த ஓடை, எந்தச் சரிவு இருந்தது, வெப்பம் கூடிவரும் காலத்தில் அவற்றில் எது உயிர்களுக்கு ஒதுங்க இடம் தரும் என்ற கேள்வி நம் பேச்சில் வரவே இல்லை.

இக்கேள்விக்கு விடை தேட ஒரு வழி உண்டு. அமெரிக்காவில் 'நேச்சர் கன்சர்வன்சி' அமைப்பின் சூழலியலாளர் மார்க் ஆண்டர்சனும் அவர் குழுவினரும் நிலப்பரப்புகளின் காலநிலைத் தாங்குதிறனை, அதாவது காலநிலை மாறினாலும் உயிர்களுக்கு இடம் தரும் திறனை, வரைபடமாக்கியிருக்கிறார்கள். இன்றுள்ள மரமும் விலங்கும் நாளை இடம்பெயரக்கூடும் என்பதால், நடிகர்கள் மாறினாலும் நாடக மேடையைக் காப்பாற்றி வைப்போம் என்பது அவர்கள் அணுகுமுறை. பாறை, மண், உயரம், நில அமைப்பு ஆகியவையே அந்த மேடை. மேடு, பள்ளம், சரிவு, ஈரநிலம் என ஓரிடத்தில் எத்தனை விதமான தட்பவெப்பம் அருகருகே அமைந்திருக்கிறது, சாலையும் கட்டடமும் மறிக்காமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு உயிர்கள் நகர முடியுமா என்ற இரண்டையும் அளந்து மதிப்பிடுகிறார்கள். ஒரே வகைப் பாறையும் மண்ணும் உள்ள இடங்களுக்குள்ளேயே ஒப்பிடுவதால், மலைகள் மட்டுமே முன்னுக்கு வராமல் வளமான தாழ்நிலங்களும் இடம்பெறுகின்றன.

பங்குனிப் பிற்பகலில் எங்கள் பகுதிப் பாறைக் குன்றுகளில் ஏறியவர்களுக்கு இது எளிதில் புரியும். மேற்குப் பார்த்த பாறையில் கை வைக்க முடியாது. இருபது அடி தள்ளி, இரண்டு பெருங்கற்களின் இடுக்கில் குனிந்து நுழைந்தால் மண் சில்லென்றிருக்கும். காய்ந்த பாசியை விலக்கினால் விரலில் ஈரம் ஒட்டும். வெயில் ஏற ஏறத் தவளைக்கும் முளைக்கும் விதைக்கும் அந்த இருபது அடிதான் புகலிடம். வெட்டிய மரம் மறுபடி துளிர்க்கக்கூடும், உடைத்த குன்று திரும்பாது. நான் ஆனேக்கல்லில் குடியேறியபோது மொட்டைமாடியிலிருந்து தெரிந்த குன்று ஒன்று கல்குவாரியாகி, இன்று தண்ணீர் தேங்கிய குழியாகக் கிடப்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

ஆண்டர்சன் குழுவின் முறையை அப்படியே இங்கே கொண்டுவந்துவிடவும் முடியாது. பன்னேர்கட்டா காடு ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டைக் காடுகள் வழியாகத் தமிழ்நாட்டின் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் வரை தொடர்கிறது. ராகி முற்றும் பருவத்தில் யானைகள் இவ்வழியே வருவதும், தளிப் பக்கத்தில் உள்ள என் உறவினர்கள் விடிய விடியக் காவல் இருப்பதும் ஆண்டுதோறும் நடப்பவை. ராகிக் கொல்லையை யானை இரவில் கடந்துவிடும், லேஅவுட்டின் சுற்றுச்சுவரைக் கடக்க முடியாது. இரண்டையும் வரைபடம் ஒரே தடையாகக் கருதிவிடக் கூடாது. யானை கடந்துபோகும் கொல்லையைக் காக்க வேண்டிய நிலம் என்று குறித்தால், பயிர் இழப்புக்கான ஈடும் தாமதமின்றி உழவர் கைக்கு வர வேண்டும். இல்லையென்றால் அவர் நிலத்தை மனைக்கு விற்பார். அதற்காக அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

கர்நாடக, தமிழ்நாடு வனத்துறைகள் இணைந்து, மாநில எல்லையில் அறுந்துபோகாத ஒரே வரைபடத்தைத் தயாரிக்க வேண்டும். பெங்களூருக்கும் ஓசூருக்கும் அடுத்த வளர்ச்சித் திட்டங்களை இறுதி செய்யும் முன்பே அது வர வேண்டும். அதைக் கன்னடத்திலும் தமிழிலும் அச்சிட்டு ஊராட்சிகளில் வைத்துத் திருத்தம் கேட்க வேண்டும். செயற்கைக்கோள் படத்தில் தெரியாத ஊற்றையும் யானைத் தடத்தையும் ஆடு மேய்ப்பவர்கள் காட்டித் தருவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஆனேக்கல், பெங்களூரு