சேகருக்கு, அந்த அயோடின் ரிப்போர்ட் பத்தி

டேய் சேகரு,

ரங்கூன்ல எல்லாரும் சௌக்கியம், அம்மாவுக்கு முட்டி வலி மட்டும் விடல. ஸ்கூல்ல எடுத்த மூத்திர டெஸ்ட்ல பாப்பாவுக்கு அயோடின் லிட்டருக்கு 62 மைக்ரோகிராம்னு வந்திருக்குன்னு நீ தூங்காம கெடக்கறதா தங்கச்சி போன்ல சொன்னா, அதான் லேப்லேர்ந்து வந்ததும் எழுத உக்காந்துட்டேன்.

அந்த 62ஐ வச்சு பாப்பாவுக்குக் குறைன்னு சொல்லவே முடியாதுடா. நாம திங்கற அயோடின் பெரும்பாலும் மூத்திரத்துலதான் போகுது, ஆனா ரெண்டு டம்ளர் தண்ணி கூடக் குடிச்சா அளவு இறங்கிடும், மறுநாள் மீன் கொழம்பு சாப்பிட்டா ஏறிடும். அதனால முப்பது எடம், எடத்துக்கு முப்பது புள்ளைங்கன்னு 900 பேர்கிட்ட எடுத்து, வரிசையா அடுக்கி நடுவுல நிக்கற மீடியனத்தான் பாக்கறது. லிட்டருக்கு 100லேர்ந்து 199 மைக்ரோகிராம்னா அந்த ஊருக்குப் போதும், 20க்குக் கீழன்னா ரொம்ப மோசம், 300ஐத் தொட்டா அதுவும் நல்லதில்ல.

முன்னெல்லாம் அயோடின் குறையால தைராய்டு வீங்கியிருக்கான்னு கழுத்தத் தடவித்தான் பாப்பாங்க, ஒரு டாக்டர் கைக்குத் தட்டுப்பட்டது இன்னொருத்தருக்குத் தட்டுப்படாது, அப்புறம் எப்படி ஒரு நாட்ட இன்னொரு நாட்டோட வச்சுப் பாக்கறது? 1990கள்ல ஐரோப்பால ஒரே வேன்ல அல்ட்ராசவுண்ட் மெஷின ஏத்திக்கிட்டு 12 நாட்டு ஸ்கூலுக்குப் போய் புள்ளைங்களோட தைராய்ட அளந்தாங்க, எனக்கு அது ரொம்பப் பிடிச்ச கத. தென்னாப்பிரிக்கால 1995 கடைசில உப்புல அயோடின் கட்டாயமாச்சு, 1998ல ஸ்கூல் புள்ளைங்கள அளந்தா மீடியன் 177. எங்க லேப்ல மஞ்சக் கலர் சீரியம் கரைசல் எவ்வளவு சீக்கிரம் வெளுக்குதுன்னு பாத்து கணக்குப் போடறோம், அயோடின் கூட இருந்தா சீக்கிரம் வெளுக்கும், அதனால காயத்துக்குப் போடற அயோடின் டிங்ச்சர அந்தப் பக்கமே விடமாட்டோம்.

எனக்குக் கவல பாப்பாவப் பத்தி இல்லடா, முழுகாம இருக்கற தங்கச்சியப் பத்தி. ஸ்கூல் புள்ளைக்கு ஒரு நாளைக்கு 120 மைக்ரோகிராம் போதும், அவளுக்கு 250 வேணும், வயித்துல இருக்கற புள்ளையோட மூளை வளர்றதே அதுலதான். ஸ்கூல் கணக்கு 100ஐத் தாண்டிட்டா எல்லாம் சரியாயிடுச்சுன்னு மூட்டை கட்டிடறாங்க, தாய்மாருங்கள யார் அளக்கறது? லேப்ல இதச் சொல்லிச் சொல்லி வாயே வலிக்குது.

தான்பியூசயா பக்கத்துலேர்ந்து மூட்டைல வர்ற கல்லுப்பத்தானே இன்னும் வாங்கறே? அத நிறுத்து, அயோடின்னு அச்சடிச்ச பாக்கெட் வாங்கி மூடி போட்ட டப்பால வை, கொழம்ப இறக்கறப்ப போடச் சொல்லு. ஙப்பில, அதான் அந்த மீன் விழுதுல, உப்பு இருக்கேன்னு நம்பாத, அதுல என்ன உப்பு போட்டாங்கன்னு உனக்குத் தெரியாது. யாராவது சொன்னாங்கன்னு அயோடின் மாத்திரைய நீயா வாங்கிக் குடுத்துடாத, அவ பாக்கற டாக்டர்கிட்ட இந்த வாரமே கேளு, கேட்டுட்டு எனக்குப் போன் பண்ணு.

உன்
மணி