ரஃபின் குடும்பத்தோட போன ஒரு வருஷம்: செயலாளர் ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். பாஸ்டன் பக்கத்துல இருக்கற நம்ம தமிழ்ப் பெண்கள் வாசிப்பு வட்டத்தோட இந்த வருஷ அறிக்கை இது. ஜனவரில பனி கொட்டினதால ஒரு கூட்டம் நின்னுபோச்சு, மத்த 11 கூட்டமும் நடந்துது. வழக்கமா மாசம் ஒரு புஸ்தகம் எடுப்போம், இந்த தடவை வருஷம் முழுக்க ஒரே குடும்பத்தைப் பத்தித்தான் தேடித்தேடிப் படிச்சோம். இதே பாஸ்டன்ல வாழ்ந்து, கறுப்பினப் பெண்களுக்காகச் சங்கமும் பத்திரிகையும் நடத்தின ஜோசஃபின் செயின்ட் பியர் ரஃபின் அம்மாவோட குடும்பம். அதனால அறிக்கையிலயும் அவங்கதான் நிறைய இடம் எடுத்துக்கறாங்க, பொறுத்துக்கோங்க.

ஏப்ரல்ல எல்லாருமா மாநிலச் சட்டமன்றம் இருக்கற ஸ்டேட் ஹவுஸ் போனோம். அங்க பளிங்குப் பலகைல வெண்கலத்துல ஆறு பெண்களோட முகம் பதிச்சிருக்கு, 1999ல வச்சது, அதுல ஒருத்தங்க இவங்க. அப்புறம் சார்லஸ் ஸ்ட்ரீட்ல அவங்க இருந்த 103ம் நம்பர் வாசல்ல கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்தோம்.

அவங்க பொறந்தது 1842, பாஸ்டன்லயேதான். அப்பா கறுப்பினத்தவர், துணி வியாபாரம், அம்மா இங்கிலாந்துல கார்ன்வால்லேர்ந்து வந்த வெள்ளைக்காரங்க. பாஸ்டன் ஸ்கூல்ல அப்ப கறுப்புப் பிள்ளைங்களைத் தனியா பிரிச்சு வச்சிருந்தாங்க, அது வேண்டாம்னு பொண்ணை இங்க பக்கத்துல இருக்கற சேலம் ஊருக்கு (நம்ம தமிழ்நாட்டு சேலம் இல்ல) அனுப்பிப் படிக்க வச்சிருக்காங்க, 1855ல சட்டம் மாறின பிறகுதான் திரும்ப இங்க வந்தாங்க. 16 வயசுலயே கல்யாணம். மாப்பிள்ளை ஜார்ஜ் லூயிஸ் ரஃபின், வர்ஜீனியாக்காரர், முடி வெட்டற தொழில். கறுப்பினத்தவங்க இந்த நாட்டுக் குடிமக்களே ஆக முடியாதுன்னு 1857ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு இல்லையா, அந்த வெறுப்புல ரெண்டு பேரும் இங்கிலாந்துல லிவர்பூலுக்கே போயிட்டாங்க, ஆனா சீக்கிரமே திரும்பி வந்து உள்நாட்டுப் போருக்குக் கறுப்பினப் படைக்கு ஆள் சேக்கற வேலைல இறங்கினாங்க. கடைல கத்தரிக்கோல் பிடிச்ச அதே ஜார்ஜ் 1869ல ஹார்வர்ட் சட்டக் கல்லூரில பட்டம் வாங்கினார், அங்க பட்டம் வாங்கின முதல் கறுப்பினத்தவர் அவர்தான். 1883ல சார்லஸ்டவுன் கோர்ட்ல ஜட்ஜ். 1886ல இறந்துட்டார், ரஃபின் அம்மாவுக்கு அப்ப 44 வயசு. அஞ்சு குழந்தை பொறந்து ஒண்ணு கைக்குழந்தையா இருக்கும்போதே போயிடுச்சு.

இதுக்கப்புறம் அவங்க ஓஞ்சு உக்காரல, அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. மக ஃப்ளோரிடா பாஸ்டன் ஸ்கூல்ல டீச்சர். அம்மாவும் மகளும் மரியா பால்ட்வின்ங்கற இன்னொரு டீச்சரும் சேர்ந்து உமன்ஸ் எரா கிளப்னு கறுப்பினப் பெண்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினாங்க, அதே பேர்ல 1894லேர்ந்து பத்திரிகையும் நடத்தினாங்க. கறுப்பினப் பெண்கள் தங்களுக்காகத் தாங்களே நடத்தின முதல் பத்திரிகை அது. மிசௌரில ஒரு பத்திரிகைக்காரர் கறுப்பினப் பெண்களை ரொம்பக் கேவலமா எழுதின ஒரு கடிதம் இங்கிலாந்து வழியா இவங்க கைக்கு வந்துது. அதைப் பத்திரிகைல அச்சடிக்காம, மத்த சங்கங்களுக்கு மட்டும் தனியா அனுப்பி, எல்லாரும் பாஸ்டனுக்கு வாங்கன்னு கூப்பிட்டாங்க. 1895 ஜூலைல பெர்க்லி ஹால்ல கூட்டம். நாங்க யாரையும் ஒதுக்கவும் இல்ல, விலகிப் போகவும் இல்ல, முன்னால வர்றோம் அவ்வளவுதான், எங்ககூட சேர நினைக்கறவங்க யாரா இருந்தாலும் வரலாம்ங்கற அர்த்தத்துல பேசினாங்க. அடுத்த வருஷமே இன்னொரு அமைப்போட இணைஞ்சு நாடு முழுக்கப் பெரிய சங்கம் ஆயிடுச்சு.

செப்டம்பர் கூட்டத்துல, மில்வாக்கி நகரத்துல ரஃபின் அம்மாவுக்கு நடந்த சம்பவம் படிச்சோம், அன்னிக்கு வீட்டுக்குப் போகவே யாருக்கும் மனசு வரல. 1900ல அங்க அமெரிக்கப் பெண்கள் சங்கங்களோட பெரிய கூட்டமைப்பு மாநாடு. உமன்ஸ் எரா கிளப்பைச் சேத்துக்கிட்டதா சொல்லிட்டு, அது கறுப்பினச் சங்கம்னு தெரிஞ்சதும் பின்வாங்கிட்டாங்க. இவங்க வெள்ளைக்காரப் பெண்கள் அதிகமா இருந்த ஒரு சங்கத்துலயும் உறுப்பினர், அந்தச் சங்கத்தோட பிரதிநிதியா வேணா உள்ள வாங்க, உங்க சங்கத்தோட பேர்ல வேண்டாம்னாங்க. அம்மா முடியாதுன்னுட்டாங்க. நெஞ்சுல குத்தியிருந்த பேட்ஜை யாரோ பிடுங்கப் பாத்தாங்களாம், இவங்க விடல.

இப்ப நம்ம விஷயம். போன வருஷம் இங்கயே பொறந்து வளர்ந்த ஒரு தங்கச்சி உறுப்பினரா சேரக் கேட்டாங்க. தமிழ் நல்லா பேசுவாங்க, எழுத்துக்கூட்டிப் படிக்க வராது. வாசிக்கத் தெரிஞ்சவங்களுக்குத்தான்னு நம்ம விதி, அதனால அவங்க அம்மா நம்ம உறுப்பினர்தானே, அவங்களோட விருந்தாளியா வாங்கன்னு நான்தான் பதில் எழுதினேன். வர்றதுன்னா என் பேர்ல வர்றேன் அக்கான்னு சொல்லிட்டாங்க, வரவும் இல்ல. மில்வாக்கில நடந்த அநியாயம் எவ்வளவு பெருசு, அதையும் இதையும் ஒரே தட்டுல வைக்கல. ஆனா அன்னிக்கு ராத்திரி அந்த மெயிலைத் திறந்து திரும்பப் படிச்சேன், படிக்கப் படிக்க என்னால தாங்க முடியல. அக்டோபர் கூட்டத்துல விதியை மாத்தணும்னு நானே தீர்மானம் கொண்டுவந்தேன், கை தூக்காதவங்க ஒருத்தரும் இல்ல. இனிமே ஒவ்வொரு கூட்டத்துலயும் ஒரு பகுதியை யாராவது சத்தமா வாசிச்சுக் காட்டறதுன்னும் முடிவாச்சு, கண்ணு மங்கிப்போன ரெண்டு பெரியம்மாங்களுக்கும் அது ரொம்ப வசதி.

அந்தத் தங்கச்சிகிட்ட நேர்ல போய் மன்னிப்புக் கேட்டேன். நவம்பர்ல சேர்ந்தாங்க, ப்ரூக்லைன்ல ரஃபின் அம்மாவோட மக ஃப்ளோரிடா பேர்ல இருக்கற ஸ்கூலைப் பத்தி அவங்கதான் அன்னிக்குப் பேசினாங்க.

கணக்குல பெரிய செலவு இல்ல. ஹால் வாடகை, டீ, ஸ்டேட் ஹவுஸ் போன அன்னிக்கு பார்க்கிங், அவ்வளவுதான். முழு வரவுசெலவைப் பொருளாளர் அக்கா அடுத்து வாசிப்பாங்க. பதிவேட்டுல விருந்தாளின்னு எழுதியிருந்ததை அடிச்சு, அந்தத் தங்கச்சி பேரை 24ம் நம்பரா எழுதியாச்சு. கையெழுத்தை அவங்க தமிழ்லயே போட்டிருக்காங்க, நாலே எழுத்து, ரெண்டு நாள் எழுதிப் பழகினாங்களாம்.