லென்ஸைப் பற்றியும் எழுதுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

புதிதாகப் படம் எடுக்கக் கற்பவர்களுக்கான மலிவு விலை மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய) கேமராக்கள் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மெகாபிக்சல், 4கே வீடியோ, எடை எல்லாம் இருந்தன. லென்ஸைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் கும்பகோணத்தில் ஸ்டுடியோ வைத்து கல்யாணம், காதுகுத்து, அரங்கேற்றம் என்று படம் எடுப்பவன். விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிப்பில் சேரும் பிள்ளைகளோடு பெற்றோர் யோசனை கேட்டு வருவதால் இதை எழுதுகிறேன்.

கேனன் ஆர்50, ஆர்100, நிக்கான் இசட்30, சோனி இசட்வி-இ10 எல்லாவற்றிலும் படத்தைப் பதிவு செய்யும் சென்சார் ஏபிஎஸ்-சி என்ற அளவுதான். 20 முதல் 24 மெகாபிக்சல்தான். கற்றுக்கொள்பவருக்கு எதுவும் போதும். படம் மாறுவது லென்ஸில். கேனனோடு சேர்ந்தே வரும் 18-45 எம்எம் கிட் லென்ஸ், ஜூம் செய்து 45-க்குத் தள்ளினால் எஃப் 6.3-க்கு மேல் திறக்காது (எஃப் எண் சின்னதானால்தான் லென்ஸ் அகலமாகத் திறந்து வெளிச்சம் அதிகம் வரும்). மண்டபத்தில் தாலி கட்டும் நேரம், ஹோமப் புகை வேறு. வெளிச்சம் போதாமல் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 6400-க்கு ஏறி, மணப்பெண் முகம் புள்ளி புள்ளியாக வரும். ஷட்டர் வேகத்தைக் குறைத்தாலோ தவில்காரர் கை கலங்கிவிடும். அதே பாடியில் (லென்ஸ் நீங்கலான கேமராவில்) 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸை மாட்டினால் சுமார் 12 மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். ஐஎஸ்ஓ 500 பக்கம் இறங்கிவிடும். அதனால் பாடியில் கொஞ்சம் குறைத்தாவது இந்த லென்ஸுக்குப் பணம் ஒதுக்கச் சொல்கிறேன். (சின்ன வீட்டுக்குள் 50 கொஞ்சம் நெருக்கும், பின்னால் நகர இடம் வேண்டும்.)

அப்புறம் மவுண்ட், அதாவது கேமராவில் லென்ஸை மாட்டும் வாய். செகண்ட் ஹேண்டில் கேனன் எம்50 மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்கிறார்கள். நல்ல கேமராதான். ஆனால் அந்த எம் வரிசையையே கேனன் நிறுத்திவிட்டது. அதன் லென்ஸ்கள் புது ஆர் வரிசை கேமராவில் பொருந்தாது. நாளைக்கு பாடியை மாற்றினால் லென்ஸையும் மாற்ற வேண்டும். 2014-இல் வந்த சோனி ஏ6000 அப்படியில்லை, சோனியின் இன்றைய இ-மவுண்ட் லென்ஸ்களும் அதில் மாட்டும். பழையது வாங்குவதென்றால் என் ஓட்டு அதற்குத்தான்.

புதிதாக வாங்குபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இசட்30-இலும் இசட்வி-இ10-இலும் வியூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் துளை) கிடையாது. உச்சி வெயிலில் தேரோட்டம் எடுக்கும்போது ஸ்கிரீனில் ஒன்றும் சரியாகத் தெரியாது. ஆர்100-இல் வியூஃபைண்டர் உண்டு, ஆனால் ஸ்கிரீன் டச் இல்லை, மடக்கவும் முடியாது. கையில் இருக்கும் பணத்துக்குள் வந்தால், வியூஃபைண்டரும் மடக்கும் டச் ஸ்கிரீனும் உள்ள ஆர்50 வாங்குவதே நல்லது.

கடைகளில் பை, டிரைபாட் சேர்த்து காம்போ என்று கொடுப்பார்கள். அதற்குப் பதில் கூடுதலாக ஒரு பேட்டரி கேட்டு வாங்கலாம்.

அடுத்த முறை இப்படிக் கட்டுரை வெளியிடும்போது, ஒவ்வொரு கேமராவுக்கும் நேராக அதன் மவுண்டில் கிடைக்கும் எஃப் 1.8 லென்ஸ் ஒன்றையும், இரண்டும் சேர்ந்த விலையையும் தயவுசெய்து போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஸ்டுடியோக்காரர்,
கும்பகோணம்.